சோலைக் குருவியும் உபகாரச் சம்பளமும்

சென்ற ஐப்பசி மாதத்தில், அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோப்புக்காரர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். அவருடைய மகள் டாக்டர் பட்டத்திற்காக என்னிடம் ஆராய்ச்சி செய்து வரும் மாணவி. கொண்டுவந்திருந்த பழக்கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு, நெடுநேரம் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு, வந்த காரியத்தைத் தொடங்கினார்.

"ஐயா, கேட்கிறேன் என்று தவறாக எண்ணக் கூடாது. அரசாங்கம் மாதம் 37,000 ரூபாய் கொடுத்து ஒரு பெண்ணைக் குருவி பிடிக்கச் சொல்கிறதே, அதனால் யாருக்கு என்ன பலன்? அந்தப் பணமும் ஐந்து மாதமாக வரவில்லை. தோப்பு வருமானத்தில் ஒரு பங்கை அனுப்பி வருகிறேன். அனுப்புவதில் எனக்கு வருத்தம் இல்லை. எதற்காக அனுப்புகிறேன் என்பது தெரிந்தால் போதும்."

எத்தனையோ அறிஞர் குழுக்களின் முன் நின்று, மாணவர்களின் ஆராய்ச்சிக்காக வாதாடியிருக்கிறேன். அங்கெல்லாம் எளிதாக வந்த சொற்கள் அன்று எனக்கு வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அன்றிரவு அவரைத் தங்கச் சொன்னேன். சாப்பாட்டிற்குப் பிறகு அவரிடம் நான் சொல்ல முயன்றவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அவர் மகளின் ஆராய்ச்சிக்கு மூன்று சாத்திரங்கள் வேண்டும். உயிர்கள் ஒன்றோடொன்றும், மண்ணோடும் மழையோடும் கொண்டுள்ள உறவை ஆராய்வது சூழலியல். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்த வரலாற்றை ஆராய்வது பரிணாமவியல். அந்த வரலாறு எழுதப்பட்டிருக்கும் ஏட்டை, அதாவது ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதையும், எழுத்தெழுத்தாகப் படிப்பது ஜீனோமியல். முன்பெல்லாம் இம்மூன்றையும் வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு கட்டிடங்களில் இருந்துகொண்டு நடத்தினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தாரா என்பதுகூட ஐயம். இன்றோ ஒரே மாணவி காலையில் மலையேறிப் பறவையைப் பிடிக்கிறாள். பிறிதொரு பருவத்தில் அதன் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறாள்; அடுத்த ஆண்டு கணிப்பொறியின் முன் அமர்ந்து கோடிக்கணக்கான எழுத்துக்களை ஒப்பிடுகிறாள்.

தோப்புக்காரருக்கு இந்தப் பெயர்கள் புதியவையே தவிர, பொருள் புதிதன்று என்பதைச் சற்று நேரத்தில் கண்டுகொண்டேன். "உங்கள் தோப்பில் விதை போட்டு மரம் வளர்ப்பீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "விதையை நம்பினால் என்ன காய்க்கும் என்று யார் கண்டது? பதியன் போட்டால்தான் தாய்மரத்தைப் போலக் காய்க்கும்" என்றார். பதியன் கன்றில் தாய்மரத்தின் ஏடு ஓரெழுத்தும் பிறழாமல் இருக்கிறது. விதையிலோ தாயின் ஏட்டில் பாதியும் தந்தையின் ஏட்டில் பாதியும் கலந்து, புதிய ஏடு ஒன்று உண்டாகிறது. ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கும்போது இங்கோர் எழுத்தும் அங்கோர் எழுத்தும் பிழைபடுவதும் உண்டு. ஒரே ஏட்டிலிருந்து படியெடுத்த இரண்டு குடும்பங்கள் பிறகு ஒன்றையொன்று காணாமலே நெடுங்காலம் வாழ்ந்தால், இவர்கள் ஏட்டில் உள்ள பிழை அவர்கள் ஏட்டில் இராது. அவர்கள் பிழை இவர்களிடத்தில் இராது. ஆகவே பிழைகளை எண்ணினால், இவ்விரு குடும்பங்களும் எப்போது பிரிந்தன என்பதைக் கணக்கிடலாம். பழைய சுவடிகளைப் பதிப்பித்த தமிழ்ப் பெரியோர்கள் பாடபேதங்களைக் கொண்டு எந்தச் சுவடி எதன் வழி வந்தது என்று கண்டார்களே, அதே முறைதான்.

இனிக் குருவிக்கு வருவோம்.

பழனி மலையின் உச்சியில், பனிக்காலத்து விடியற்காலையில் நின்று கீழே பார்த்தவர்கள் அறிவார்கள். சமவெளி முழுவதும் வெண்மேகம் கடல்போல் பரவியிருக்கும். அதற்கு மேலே மலைமுடிகள் மட்டும் தீவுகளாகத் தலைநீட்டும். அறிஞர்கள் இவற்றை வான்தீவுகள் என்றே அழைக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்திற்கு மேல், புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில் அடர்ந்து வளரும் குறுங்காடே சோலை. மரங்கள் உயரமானவை அல்ல. பாசி படர்ந்து, முறுக்கிக்கொண்டு, எப்போதும் ஈரம் சொட்ட நிற்பவை. அந்த ஈரத்தில் வாழப் பழகிய சில பறவைகள் கீழே இறங்குவதே இல்லை. நீலகிரியில் பிறந்த பறவைக்கு நீலகிரியே உலகம். ஆனைமலையில் பிறந்ததற்கு ஆனைமலையே உலகம்.

இரண்டிற்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து மக்களுக்கு இந்தக் கணவாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் அதன் வழியாக வரும் காற்றுத்தான் அவர்களுடைய காற்றாலைகளைச் சுழற்றுகிறது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வெளி, நமக்கு இரயிலில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. சிறகுள்ள பறவைக்கு அது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் நிழலும் குளிரும் ஈரமும் அன்றி வேறொன்றையும் அறியாத சிறு பறவைக்கு அந்த வெப்பமான சமவெளி, நமக்குப் பெருங்கடல் எப்படியோ அப்படி. பறக்கும் வலிமை இல்லாமல் அது நின்றுவிடவில்லை. வெயில் காயும் வெளியில் இறங்கி எங்கே போவது என்ற எண்ணமே அதற்கு எழுவதில்லை என்று சொல்லலாமோ என்னவோ.

இந்தக் கணவாய் பறவைகளை உண்மையிலேயே பிரித்திருக்கிறதா என்பதை ஊகமாகப் பேசிவந்தவர்கள் பலர். ஊகத்தை அளவாக மாற்ற இளம் ஆராய்ச்சியாளர்கள் மலை மலையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. வி. வி. ராபின், உமா இராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி ஆகியோரும் அவர்களுடைய துணைவர்களும் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒன்பது இடங்களில் 23 இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்திருந்தார்கள். 23 இனங்களுள் பத்து இனங்களில், மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயின் இரு கரைகளுக்கும் இடையிலேயே காணப்பட்டது. அப்பத்திலும் சிலவற்றில், அதனினும் குறுகிய பள்ளத்தாக்குகளை ஒட்டிப் பிற்காலத்துப் பிரிவுகள் தென்பட்டன. இந்தப் பிரிவுகள் எல்லாம் ஒரே காலத்தில் நேர்ந்தவையும் அல்ல. உலகம் மாறி மாறிக் குளிர்ந்தும் வெப்பமுற்றும் வந்த பனியூழிக் காலங்களில், குளிர்ந்தபோது சோலை கீழிறங்கிப் பரவியிருக்கும். வெப்பமுற்றபோது முடியை நோக்கிச் சுருங்கியிருக்கும். ஒவ்வோர் இனமும் தன் தன் இயல்புக்கேற்ப வெவ்வேறு வேளையில் தனிமைப்பட்டது.

மீதிப் பதின்மூன்று இனங்கள் கணவாயால் பிரிக்கப்படவில்லை. என் மாணவர்கள் பத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ அந்தப் பதின்மூன்றின்மேல் ஒரு தனிப் பற்று. இயற்கையில் ஒரு விதி கண்டோம் என்று நாம் மார்தட்டும்போதெல்லாம், அதற்கு அடங்காத பதின்மூன்று பேர் மறுபுறத்தில் நிற்கிறார்கள் அல்லவா?

இதற்குப் பிறகு, 2017-ஆம் ஆண்டில், அதே குழுவினர் இன்னொன்றைக் காட்டினர். சோலையில் வாழும் நீலநிறச் சிறுபறவைகளை, நூறாண்டுகளுக்கு மேலாக நூலாசிரியர்கள் இமயமலைப் பறவைகளின் உறவினர் என்று கருதி, இந்தப் பேரினம், அந்தப் பேரினம் என்று மாற்றி மாற்றிச் சேர்த்து வந்தார்கள். ஏட்டைப் பிரித்துப் பார்த்தபோது, அவை அந்தப் பேரினங்கள் எவற்றிலும் ஒட்டாமல், இம்மலைகளிலேயே தனித்துப் பெருகிய மரபைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. ஆகவே புதிய பேரினமொன்று அமைத்து அதற்கு ஸோலிகோலா என்று பெயரிட்டார்கள். சோலையில் வாழ்வது என்பது பொருள். நம் சோலை என்னும் சொல் இலத்தீன் உடை உடுத்துக்கொண்டு உலகத்துப் பறவை நூல்களில் ஏறிவிட்டது. ஆங்கிலத்திலும் அதற்கு ஷோலக்கிளி என்ற பெயரை வழங்கினார்கள். அது கிளியன்றே என்று நீங்கள் கேட்கலாம். மலையாளத்தில் சிறு பறவை எதுவும் கிளிதான். நீலகிரியில் ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பகுதியில் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பக்கத்தில் ஒன்று என மூன்று இனங்கள். மூன்றாவது, அதுவரை தனிப்பெயரே இல்லாமலிருந்தது.

ஒன்று என்று எண்ணியது மூன்றானால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று என்று எண்ணியிருந்தவரை, ஒரு மலையில் அழிந்தாலும் மற்ற மலைகளில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். மூன்று என்றானபின் அந்த ஆறுதல் இல்லை. ஓர் இனத்தின் மொத்த உலகமும் ஒரு சில சோலைகள் என்றாகிவிடுகிறது.

தோப்புக்காரர் இந்த இடத்தில் எழுந்து போய் வெற்றிலைப் பையை எடுத்து வந்தார். "எங்கள் மலையிலும் அது இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் தோப்பிலிருந்து தலைநிமிர்ந்து பார்த்தால் தெரியும் அதே பழனிமலையில்தான் அவர் மகள் வலை கட்டுகிறாள். நாற்பது ஆண்டுகளில் அம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்து போயிற்று என்று செயற்கைக் கோளின் படங்களைக் கொண்டு 2018-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. மறைந்த இடத்தில் சீகை, யூக்கலிப்டஸ், பைன் மரங்களின் தோட்டங்களும் விவசாய நிலங்களும் வந்துவிட்டன. சோலைகள் எஞ்சியிருப்பினும் அவற்றின் நடுவே இருப்பது இப்போது புல்லன்று, அயல்நாட்டு மரம். இந்த அயல்மரத் தோப்பைத் தாண்டி ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குக் குருவி போகிறதா, அல்லது பாலக்காட்டுக் கணவாய் பல இலட்சம் ஆண்டுகளில் செய்ததை நாம் நாற்பதே ஆண்டுகளில் செய்யத் தொடங்கிவிட்டோமா? இதுதான் அவர் மகளின் கேள்வி. விடை எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆராய்ச்சி எதற்கு?

அதை அவள் எப்படிக் கண்டறிவாள் என்பதையும் சொன்னேன். விடியுமுன்னே எழுந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் வலையைச் சோலைக்குள் இரண்டு கழிகளுக்கு நடுவே கட்ட வேண்டும். இதற்கு முன்னதாக வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். வலையைக் கட்டிவிட்டுக் கூடாரத்தில் போய்ப் படுக்க முடியாது. கால் மணிக்கொரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். மழை வந்தால் உடனே சுருட்ட வேண்டும். சிக்கிய பறவையைத் துணிப்பையில் இட்டு எடை பார்த்து, இறக்கையும் காலும் அலகும் அளந்து, காலில் எண்ணிட்ட சிறு வளையம் ஒன்றை மாட்டி, இறக்கையின் உட்புறத்து நரம்பில் ஊசிமுனையால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரு சொட்டே போதும். மனிதனுடைய சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவையின் சிவப்பணுக்களில் உண்டு. ஆகையால் பறவையின் ஒரு துளி இரத்தத்தில் ஏடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒவ்வோர் ஏட்டிலும் ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கள். நம் ஏட்டில் ஏறக்குறைய முந்நூறு கோடி. எழுத்துக் கூடுதலாக இருப்பதால் நமக்குப் பெருமை என்று எண்ணிவிடக் கூடாது. சில வெங்காயப் பூண்டுகளுக்கு நம்மைவிட எத்தனையோ மடங்கு நீளமான ஏடு உண்டு.

அட்டைக்கடியும், காட்டெருமைக்கு ஒதுங்கி நிற்பதும், ஈரம் காயாத உடையும் இந்தப் படிப்பின் பாடத்திட்டத்தில் எழுதப்படாத பகுதிகள். ஒரு நாள் முழுவதும் வலை வெறுமையாகவே இருப்பதும் உண்டு.

இனிப் பணத்தைப் பற்றிய கேள்வி. உபகாரச் சம்பளம் என்பது மாணவனுக்குச் செய்யும் உபகாரம் என்று அந்தச் சொல்லே நம்மை நம்ப வைத்துவிட்டது. இந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்கே வெகுகாலம் ஆயிற்று. என் எண்ணத்தை மாற்றியது தூரதேசத்து நிகழ்ச்சி ஒன்று.

தென்னமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் மாகடலில், காலபகோஸ் தீவுக் கூட்டத்தில் டாப்னே மேஜர் என்னும் சிறு தீவு இருக்கிறது. மக்கள் குடியில்லாத எரிமலைத் திட்டு. அங்கே பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் கணவனும் மனைவியும் 1973-ஆம் ஆண்டில் குருவி அளக்கத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். ஆண்டுதோறும் அந்தப் பாறையில் கூடாரமடித்துத் தங்கி, ஏறக்குறைய ஒவ்வொரு குருவிக்கும் வளையமிட்டு அலகை அளந்த கைகளில் பல, ஆராய்ச்சி மாணவர்களுடைய கைகள். 1977-இல் மழை பொய்த்தது. புல்விதைகளும் மென்மையான விதைகளும் தீர்ந்துபோயின. நம் ஊர் நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள்ளுக்காய் மட்டும் எஞ்சியிருந்தது. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அத்தீவின் நடுத்தரத் தரைக்குருவிகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில் மடிந்தன. பிழைத்தவற்றின் அலகு, மடிந்தவற்றின் அலகைக் காட்டிலும் சராசரியில் பெரிது. வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவற்றின் குஞ்சுகளும் பெரிய அலகோடு பிறந்தன. டார்வின் யுகயுகமாக நிகழும் என்று கருதிய இயற்கைத் தேர்வு ஓராண்டில் கண்முன் நடந்ததை, அப்போது ஆராய்ச்சி மாணவராயிருந்த பீட்டர் போக் என்பவரும் கிராண்டும் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

இதில் நான் தோப்புக்காரருக்கு அழுத்திச் சொன்னது ஒன்று உண்டு. 1977-இன் பஞ்சத்தை யாரும் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. 1976-இல் அலகுகளை அளந்தவர்கள், எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு சாதாரண ஆண்டில் அளந்தார்கள். அந்தச் சாதாரண ஆண்டின் கணக்கு இல்லாவிட்டால் பஞ்ச ஆண்டின் கணக்குக்குப் பொருளே இல்லை. 1976-இல் யாரேனும் ஓர் அதிகாரி, "குருவிகள் எல்லாம் சுகமாக இருக்கின்றனவே, இந்த ஆண்டு போவானேன்?" என்று பணத்தை நிறுத்தியிருந்தால், பிற்பாடு எத்தனை கோடி கொடுத்தாலும் அந்த அளவுகளை மீண்டும் பெற்றிருக்க முடியாது. மடிந்த குருவியின் அலகை யார் போய் அளப்பது?

ஆண்டாண்டாகச் சேர்ந்த குருவிகளின் இரத்தத் துளிகள் பின்னர் ஸ்வீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டன. 120 பறவைகளின் ஏடுகளைப் படித்து, அலகின் வடிவத்தோடு தொடர்புடைய ஏ.எல்.எக்ஸ்.1 என்னும் ஜீனை 2015-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் முதலாசிரியர், நேபாள நாட்டிலிருந்து அங்கே சென்ற சங்கீத் லாமிச்சானே என்னும் ஆராய்ச்சி மாணவர். மனிதக் குழந்தையின் முகம் கருவில் உருவாவதற்கும் இதே ஜீன் வேண்டும். அது பழுதுபட்டால் முகம் கோணலாகப் பிறக்கும். "என்ன பலன்?" என்று கேட்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் நான் தோப்புக்காரரிடம் இதை அழுத்திச் சொல்லவில்லை. கிராண்ட் தம்பதிகள் முகக்கோணலைத் தேடிப் பாறைத்தீவுக்குப் போகவில்லை. பலன் வரும் என்று சொல்லிப் பணம் வாங்கினால், பலன் வராத ஆண்டில் என்ன சொல்வது?

ஸ்வீடனில் ஆராய்ச்சி மாணவன் பல்கலைக்கழகத்தின் ஊழியன். மாதச் சம்பளம் பெறுகிறான். செலவுக்கு வழி நிச்சயமாகாமல் அவனைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. நம் நாட்டில் தேசியத் தேர்வில் தேறியவர்களுக்கு அளிக்கும் உபகாரச் சம்பளம், 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதியிலிருந்து முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், அதன்பிறகு 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பெற்றது. வீட்டு வாடகைப் படி தனி. தொகை குறைவு என்று நான் முறையிட வரவில்லை. குறைவான தொகையைக்கொண்டு சிக்கனமாக வாழ நம் மாணவர்கள் அறிவார்கள். நாள் தவறாமல் வராத தொகையைக்கொண்டு வாழ எவராலும் முடியாது. சோலைக் குருவிகள் முட்டையிடுவது மழைக்கு முந்திய சில மாதங்களில். அந்த மாதங்களில் மாணவியிடம் ஜீப்புக்கும் அரிசிக்கும் பணம் இல்லையென்றால், அந்த ஆண்டு போயிற்று. பாக்கித் தொகை முழுவதும் புரட்டாசியில் மொத்தமாக வந்து சேர்ந்தாலும் அந்தப் பங்குனி திரும்பி வராது.

அவர் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்ல முடியாமற் போனதற்கு மற்றொரு காரணம் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். சோலை ஓடைகளில் வாழும் தவளைகளை ஆராய்ந்து வந்தான். இரவில் அல்லவோ தவளை கத்தும். ஆகவே அவன் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பான். இரண்டு ஆண்டுகள், ஒரே ஓடையில், ஒரே ஐந்நூறு மீட்டரில், ஒவ்வொரு தவளையையும் எண்ணி, நீரின் சூட்டையும் ஆழத்தையும் குறித்து வந்தான். இரண்டாம் ஆண்டு முடிவில் அவனுடைய வேலையைப் பரிசீலித்து ஒரு குழு கையொப்பமிட்ட சான்று மேலே போக வேண்டும். அது போனால்தான் பணம் தொடரும். பணம் நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பதினொரு மாதம் நின்றது. கடைசியில் அவன் மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்துவிட்டான். போகும்போது என் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, ஏழு நோட்டுப் புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவை இன்றும் என் பீரோவில் இருக்கின்றன.

அந்தத் தாமதத்திற்காக நெடுநாள் அலுவலகங்களை நிந்தித்து வந்தேன். கூட்டங்களிலும் பேசினேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பழைய தாள்களை ஒழுங்குபடுத்தியபோதுதான் அந்தக் கோப்பின் நகல் கையில் கிடைத்தது. அது நடந்த தேதிகளை வரிசையாகப் பார்த்தேன். பதினொரு மாதங்களில் முதல் ஐந்து வாரம் அது என் மேசையிலேயே கிடந்திருக்கிறது. நான் ஒரு மாநாட்டிற்குப் போயிருந்தேன், வந்தபிறகு விடைத்தாள் திருத்தினேன், அதன்பிறகு மறந்துவிட்டேன். அந்த ஐந்து வாரத்தில் அந்த ஆண்டின் நிதிக்கணக்கு முடிந்து போயிற்று. மேலே சென்ற தாள் அடுத்த ஆண்டுக் குவியலில் போய் விழுந்தது. மற்றவர்களுடைய தாமதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் தாமதம் என்னுடையது. அந்த ஓடை இருந்த சரிவில் பிறகு சாலை போட்டுவிட்டார்கள். அங்கே எத்தனை தவளை இருந்தது என்பது அந்த ஏழு நோட்டுக்களில் மட்டும் இருக்கிறது. முடிவு பெறாத கணக்கு. ஆகையால் எந்தப் பத்திரிகையும் அதை ஏற்காது.

இதைத் தோப்புக்காரரிடம் சொல்வதா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மகளைப் பற்றி அஞ்சி வந்தவரிடம், படிப்பை விட்டுப் போனவனின் கதையைச் சொல்வது தகுமா? இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறான், திருச்சியில் வீடு கட்டியிருக்கிறான் என்றேன். "அப்படியானால் அவன் தப்பித்தான். ஓடைக்குத்தான் கணக்கு இல்லாமற் போயிற்று" என்றார்.

மறுநாள் காலை அவரைப் பேருந்து ஏற்றிவிட்டு நேரே கல்லூரிக்குப் போனேன். மகளுடைய தாள் எங்கே நிற்கிறது என்று தேடியதில், இம்முறை அது என் மேசையில் இல்லை. மூன்றாவது அறையில், விடுமுறையில் போயிருந்த ஒருவருடைய இழுப்பறையில் இருந்தது. அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக மூன்று நாள் நடந்தேன். என் வயதில் அது கொஞ்சம் சிரமமே. வழியில் சந்தித்த ஆசிரிய நண்பர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் இப்படிச் சில தாள்கள் இருக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மார்கழிக் கடைசியில் தோப்புக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பணம் இன்னும் வரவில்லை, ஆனாலும் மகள் மலைக்குப் போகட்டும், கொய்யா இந்தப் பருவம் நன்றாகக் காய்த்திருக்கிறது, ஜீப் வாடகையைத் தாமே கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். கூடவே, முகாமுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்கியபோது, மகள் ஒரு குருவியைக் கையில் வைத்துக் காட்டினாளாம். வயிறு வெள்ளை, முதுகு நீலம், எடை ஒரு கொய்யாப் பிஞ்சின் அளவுகூட இல்லை என்றும், விட்டவுடன் அது நேரே சீகைத் தோப்பின் பக்கம் பறந்ததா, சோலைக்கே திரும்பியதா என்று தாமும் உற்றுப் பார்த்ததாகவும், பனி மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

உபகாரச் சம்பளம் தை மாதம் எட்டாம் தேதி வந்து சேர்ந்தது.